அட்டைக் கோபுரத்துக் கருடன்

"கால்ல கயிறு இல்லீங்க. இறக்கைய வெட்டல. மேல கூரையும் கிடையாது. வானம் அத்தனையும் தொறந்து கெடக்குது. பின்ன எதுக்குங்க மாஸ்டர், அது திரும்பி வருது?"

கேட்டவர் அங்கண்ணன். வயது ஐம்பத்தெட்டு.

கேட்கப்பட்டவள் ரெஜினா. அவரைவிடப் பதினாறு வயது இளையவள். இருபது வருஷம் சர்க்கஸில் மிருகங்களைப் பழக்கியவள். அங்கே பழக்குகிறவரை மாஸ்டர் என்பார்கள். ஆணானாலும் பெண்ணானாலும் மாஸ்டர்தான். சர்க்கஸ் கலைந்துபோனது. அந்தப் பட்டம் மட்டும் அவளோடு இந்த மிருகக்காட்சிப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது.

அவள் மேசைமேல் இருந்த தராசைக் காட்டினாள்.

தராசுத் தட்டில் ஒரு மரக்கட்டை. கட்டைமேல் செம்பருந்து உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கழுத்து, செங்கல் நிற முதுகு.

"எவ்வளவு?"

"நானூத்தி எம்பது கிராமுங்க."

"அப்ப இன்னைக்கும் திரும்பி வரும்."

அன்றைக்கு அவ்வளவுதான் பாடம்.

*

பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு ஒரு பஞ்சாலை இருந்தது.

அதன் வாசலில் பதினாலு மாதம் உட்கார்ந்து வேலைநிறுத்தம் நடத்தியவர் அங்கண்ணன். துண்டுப் பிரசுரம் படித்து எழுத்துக் கற்றார். பிறகு துண்டுப் பிரசுரம் எழுதினார். ஊரில் அவரைத் தோழர் என்பார்கள். ஒரு காலத்தில் எழுந்து நின்று சொன்னார்கள். இப்போது டீக்கடை பெஞ்சில் சாய்ந்துகொண்டு, கண்ணடித்துச் சொல்கிறார்கள்.

மில் செத்தது. முதலாளியின் மகன் அந்த நிலத்தில் கூண்டு கட்டினான். பழைய தொழிலாளிகளுக்கு முன்னுரிமை என்று வாசலில் போர்டு வைத்தான்.

கழுதைப்புலிக் கூண்டைக் கழுவிவிட அங்கண்ணனுக்கு முன்னுரிமை கிடைத்தது.

ஒரு நாள் அவர் ஒட்டடைக் கம்பைத் தூக்கிப் பிடித்தபடி கால்மணி நேரம் நின்றார். கை நடுங்கவில்லை. ரெஜினா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கை எங்க பழகுச்சு தோழர்?"

"கோஷம் போட்டுங்க."

"நல்லாப் பழகியிருக்கு. நாளையிலேர்ந்து பருந்துகிட்ட வாங்க."

அவள் கேலி செய்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசிவரை விளங்கவில்லை.

*

சூறைக்காற்றில் கூட்டோடு விழுந்த குஞ்சு அது. மனிதக் கையில் இரை தின்று வளர்ந்தது. பெண் பறவை. நிர்வாகம் அதற்கு ராஜகருடன் என்று பெயர் வைத்திருந்தது.

முதல் நாள் ஒரு சாண் தூரம்.

ரெஜினா வெண்கல மணியை ஒருமுறை அடிப்பாள். அங்கண்ணன் தோலுறை போட்ட கையைத் தூக்குவார். உறைமேல் ஒரு துண்டு மத்தி மீன். பருந்து ஒரு சாண் தாவி வந்து தின்னும்.

மறுநாள் ஒரு முழம். அடுத்த வாரம் பத்தடி. அப்புறம் ஒரு தென்னை உயரம்.

மணி, கை, மீன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

"கை லேட்டாவுது தோழர்."

"யோசிச்சுட்டேனுங்க."

"யோசிக்காதீங்க. நீங்க யோசிச்சா அதுவும் யோசிக்கும்."

பருந்தின் காலில் நீளமான நைலான் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை முளைக்குச்சியில். அங்கண்ணனுக்கு அந்தக் கயிறு உறுத்தியது. ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"கயித்த எப்பங்க அவுப்பீங்க?"

"அவுத்துப் பத்து நாளாச்சு."

குனிந்து பார்த்தார். முளைக்குச்சி இருந்தது. கயிறு புல்லில் சுருண்டு கிடந்தது. பருந்தின் கால் வெறுமையாக இருந்தது.

"அதுக்குத் தெரியலீங்களா?"

"உங்களுக்கே தெரியலையே."

*

நாலு மணிக் காட்சிக்குக் 'கருட தரிசனம்' என்று பெயர்.

திறந்தவெளி மேடையில் அட்டைக் கோபுரம். அதன் உச்சியில் தங்கக் காகிதம் ஒட்டிய கலசம். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். மணி அடிக்கும். தென்னந்தோப்புக்குப் பின்னாலிருந்து செம்பருந்து புறப்பட்டு வந்து, கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் மறையும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். கோவிந்தா என்று கத்தும். கிழவிகள் அழுவார்கள்.

பின்பக்கம் அங்கண்ணன் நிற்பார், கையைத் தூக்கிக்கொண்டு, மத்தி மீனோடு.

கடவுள் இல்லை என்று முப்பத்தைந்து வருஷம் மேடை மேடையாகத் தொண்டை கிழியப் பேசிய மனிதர்.

"தோழர், நீங்க குடுத்து வச்சவரு," என்பார் மேனேஜர் தனபாலன். "பெருமாளுக்கே நீங்கதான் வாகனம் அனுப்பறீங்க."

"நான் கோபுரத்துக்குப் பின்னால நிக்கிறவனுங்க. முன்னால நின்னு கும்புடுறது நீங்க."

"வாய் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகல."

அங்கண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தக் கேள்விதான் நெஞ்சில் முள். வானம் முழுக்க இருக்கிறது. மேலே மற்ற பருந்துகள் வட்டமிடுகின்றன. இது மட்டும் ஒரு கையளவு தோலுக்குத் திரும்பி வருகிறது. ஏன்?

*

"சாட்டையும் இல்ல, கம்பும் இல்ல. எனக்கு அதான் மாஸ்டர் புரியல."

ரெஜினா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சர்க்கஸ்ல சாட்டை வச்சிருந்தேன்."

"சிங்கத்துக்குங்களா?"

"டிக்கெட் எடுத்தவங்களுக்கு. சாட்டையைப் பார்த்தாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை வரும். சிங்கம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது."

"சிங்கம் எதைப் பார்க்கும்?"

அவள் கையில் இருந்த மீன் துண்டைப் பார்த்தாள். மறுபடி நறுக்கினாள்.

அங்கண்ணனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்குப் பேச்சு வரும்.

"நான் பார்த்திருக்கேன் மாஸ்டர். பதினாலு மாசம் இதே எடத்துல உக்காந்தோம். எண்ணூறு பேரு. உப்புக்கல்ல நக்கிட்டுத் தண்ணி குடிச்சோம். ஒரு திங்கக்கிழமை காலைல மில் சங்கு ஊதுச்சு. அவ்வளவுதான். ஒருத்தன் எந்திரிச்சான். வேட்டியத் தட்டிட்டு உள்ள போனான். அவன் பின்னாடி அத்தன பேரும். நான் கேட்டுல ரெண்டு கையையும் விரிச்சு நின்னேன். கைக்கு அடியில குனிஞ்சு போனானுக. எண்ணூறு முதுகு. அன்னைக்கிருந்து ஒருத்தன் மொகத்துலயும் முழிக்கல."

"நீங்க போகலையா?"

"நான் போவனா?"

அந்த இரண்டு சொல்லில் அவருடைய இருபத்திரண்டு வருஷம் இருந்தது.

ரெஜினா கத்தியைக் கழுவினாள்.

"அந்தப் பதினாலு மாசம் உங்களுக்குச் சோறு யாரு போட்டா?"

"எனக்கென்னங்க, தனிக்கட்டை. சங்க ஆபீசுல ஒரு வேளை பொங்கிப் போட்டாங்க."

"அவங்க வீட்டுல?"

அங்கண்ணன் நறுக்கிய மீனை எண்ணத் தொடங்கினார்.

அவள் மீன் கழுவிய தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டுப் போனாள்.

*

ஆவணியில் முதலாளியின் மகன் பூங்கா வாசலில் ஒரு பெருமாள் கோயில் கட்டி முடித்தான். அட்டை இல்லை, கருங்கல். கும்பாபிஷேகத்துக்கு வியாழக்கிழமை நாள் குறித்தார்கள்.

தனபாலன் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"மாஸ்டர், கலசத்துல தண்ணி ஊத்தற நேரம் மேல கருடன் சுத்தணும். அதுதான் சாமி எறங்குனதுக்கு அடையாளம். பத்தாயிரம் பேரு அண்ணாந்து பார்ப்பாங்க. முதலாளி கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அட்டைக்கு வர்ற கருடன் கல்லுக்கு வராதா?"

"மணி அடிச்சா வரும்," என்றாள் ரெஜினா.

அவர் போன பிறகு அங்கண்ணன் அவள் முன்னால் வந்து நின்றார்.

"இது அக்கிரமமுங்க. அட்டைக் கோபுரம் வேடிக்கை. டிக்கெட் வாங்கினவனுக்கு வேடிக்கைன்னு தெரியும். இது அப்படியில்ல. சனம் நம்பும். பேரன் பேத்திகிட்டச் சொல்லும்."

"ஆமா."

"நீங்க மணி அடிப்பீங்களா?"

"எனக்குப் போறதுக்கு வேற சர்க்கஸ் இல்ல தோழர்."

"என் கைய வச்சா இந்தப் பொய்யி?"

ரெஜினா அவர் கையைப் பார்த்தாள்.

அங்கண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். அவர் எடுத்த முடிவுகளில் தோற்காத முடிவு ஒன்றாவது இருக்கட்டும் என்று எடுத்தார். இந்த மனிதர்கள் எக்கேடும் கெடட்டும். இந்த ஒரு பறவை போக வேண்டும். போனது திரும்பக் கூடாது. அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

*

வியாழக்கிழமை விடிந்ததும் பருந்துக் கொட்டகைக்குப் போனார். பறக்கும் நாளில் அதற்குக் காட்சி முடியும்வரை இரை கிடையாது. அதுதான் இந்தத் தொழிலின் சூத்திரம் என்று அவர் எப்போதோ புரிந்துகொண்டிருந்தார்.

ஆறு மத்தி மீன் கொடுத்தார், முழுசாக.

பருந்து தின்றது. தொண்டைக்குக் கீழே எலுமிச்சம்பழம் போலப் பை புடைத்தது. ஏழாவது மீனைக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சபாசு," என்றார் அங்கண்ணன். அவர் யாரையும் அப்படி மெச்சி வெகு காலமாயிற்று.

ரெஜினா வந்தாள்.

"எடை என்ன?"

"நானூத்தி எம்பது."

அவள் பருந்தின் புடைத்த தொண்டையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மணியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கோயில் மதில்வரை தலைகள். பட்டர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறினார்கள். மந்திரம் முடிந்தது. நூறு மணிகள் அடித்தன. நூற்றுக்குள்ளும் ரெஜினாவின் வெண்கல மணி தனியாகக் கேட்டது.

தென்னந்தோப்பின் உச்சியில் செம்பருந்து ஒருமுறை இறகு கோதியது. எழும்பியது. சூடான காற்று ஒன்று அதைத் தூக்கிக்கொண்டது. மேலே போனது. இன்னும் மேலே. கிழக்கே திரும்பி ஒரு புள்ளியானது. புள்ளியும் போனது.

அங்கண்ணனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சாரத்தில் குடத்தோடு பட்டர்கள் காத்திருந்தார்கள். நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது. பத்தாயிரம் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். வானம் காலியாக இருந்தது.

பாருங்கடா, என்று நெஞ்சுக்குள் கத்தினார் அங்கண்ணன். நல்லாப் பாருங்கடா.

அப்போது மேற்கே கோழிக்கடைப் பக்கமிருந்து ஒரு கரும்பருந்து வந்தது. காலில் குடல் துண்டு. அதைப் பிடுங்க ஒரு காக்கை துரத்திக்கொண்டு வந்தது. காக்கைக்குப் பயந்து அது கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு பறந்தது.

"வந்துட்டாரு!" என்று ஒரு குரல்.

"கோவிந்தா!" என்று பத்தாயிரம் குரல்.

கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் மழை போலக் கேட்டது. குடங்கள் கவிழ்ந்தன. ஒரு கிழவி மண்ணில் விழுந்து கும்பிட்டாள்.

தனபாலன் ஓடிவந்து ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கலக்கிட்டீங்க மாஸ்டர்! ஆனா... கொஞ்சம் கறுப்பா இருந்த மாதிரி..."

"வெயில்," என்றாள் ரெஜினா.

*

சாயங்காலம் தனபாலன் காலிக் கட்டையைப் பார்த்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழமை காட்சிக்குள்ள பறவை கொட்டாய்ல இருக்கணும். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும் இருக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரெஜினா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மீன்?"

"ஆறுங்க." அங்கண்ணன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"அதுக்கு வேட்டையாடத் தெரியாது தோழர்."

"கத்துக்கும்."

"மத்த பருந்துங்க கொத்தும்."

"கொத்துப்பட்டுக் கத்துக்கும். பட்டினி கெடந்து கத்துக்கும். நாங்க கெடக்கலியா?"

"நீங்க சொல்றீங்க. அது சொல்லுச்சா?"

"என் வேலை போகட்டுமுங்க. உங்க வேலை போறதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா ஒண்ணு. சனத்த விடுங்க, அதுக்குக் காக்கா தொரத்துன பருந்து போதும். இது போயிருச்சு பாருங்க. ஒண்ணே ஒண்ணாவது திரும்பாமப் போச்சு. அது எனக்குப் போதும்."

வெள்ளிக்கிழமை முழுக்க வானம் காலியாக இருந்தது. அங்கண்ணன் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார்.

*

சனிக்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. நாலு மணிக்கு ரெஜினா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கையில் மணி.

"மேல பாருங்க தோழர்."

வெகு உயரத்தில் ஒரு பறவை. வெள்ளைக் கழுத்து வெயிலில் தெரிந்தது. ஒரு இறகு உடைந்திருந்தது. காலியான மேடைக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

அங்கண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

"காத்து வாங்க வந்திருக்கும்," என்றார்.

"இருக்கலாம். வாங்க."

"எங்கங்க?"

"நீங்க நிக்கிற எடத்துக்கு."

"நீங்க மணி அடிங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டேன். உங்க பொழப்பு. ஆனா இப்பவே சொல்லிப்புடறேன். நான் கையத் தூக்க மாட்டேன்."

"தூக்க வேண்டாம்."

"மீன் எடுக்க மாட்டேன்."

"வேண்டாம்."

தோலுறையைக் கழற்றி மேடைப் படியில் வீசினார். அட்டைக் கோபுரத்தின் பின்னால் போய் வெறுங்கையோடு நின்றார். காலை அகட்டி, ஒரு காலத்தில் மில் வாசலில் நின்ற மாதிரி நின்றார். மழையில் கோபுரத்து அட்டை உப்பி, தெய்வங்களின் முகம் உரிந்து தொங்கியது. நாதஸ்வரம் இல்லை. கூட்டம் இல்லை. அவரும் மாஸ்டரும் மேலே அந்தப் பறவையும்தான்.

அவருக்குத் துளியும் பயம் இல்லை. கை உயராது, மீன் இல்லை, கூண்டு இல்லை. அது போய்விடும். போகிற முதுகைக் கண்ணாரப் பார்க்கத்தான் அவர் நின்றார்.

"அடிங்க மாஸ்டர்."

ரெஜினா மணியை ஒருமுறை அடித்தாள்.

பறவையின் வட்டம் உடைந்தது. இறக்கைகள் மடங்கின.

"போ!" என்று கத்தினார் அங்கண்ணன். "போயிரு! இங்க ஒண்ணும் இல்ல! போயிரு தாயி!"

அது கல் போல நேராக அவரை நோக்கி இறங்கியது.

"வேண்டாம்! அய்யோ, மாஸ்டர்... ஏன்? எதுக்குங்க இது வருது?"

ரெஜினா மணியின் நாக்கைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"கையைக் கீழ இறக்குங்க தோழர்," என்றாள்.